அம்மா பண்ணைக்காடு, அப்பா வெளிநாடு: பிள்ளைக்கு எந்த பாஸ்போர்ட்?

வெளிநாட்டவரை மணந்து கொடைக்கானல் மலையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள், குழந்தை பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாமா? பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்காவும் அதை அனுமதிக்கின்றன. ஜெர்மனியும் 2024 ஜூன் முதல் பொதுவாக அனுமதிக்கிறது. முட்டுக்கட்டை நம் பக்கம்தான். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஆகவே கையில் இருப்பவை இரண்டு வழிகள்: இந்திய பாஸ்போர்ட், அல்லது வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு ஓசிஐ (Overseas Citizen of India) அட்டை.

2005இல் ஓசிஐ அறிமுகமானபோது ‘இரட்டைக் குடியுரிமை’ என்ற பேச்சு பரவியது. இன்னும் பலர் அப்படியே நம்புகிறார்கள். அது ஆயுள்கால விசா, கூடச் சில சலுகைகள். வாக்குரிமை கிடையாது, அரசு வேலையும் பொதுவாகக் கிடையாது.

மலைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தை. பண்ணைக்காட்டில் அம்மா பெயரில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது, அப்பா பிரிட்டிஷ்காரர், மகளிடம் ஓசிஐ என்று வைத்துக்கொள்வோம். அவள் கொடைக்கானல் நகரில் வீடு வாங்கலாம். ஆனால் ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டச் சொத்து எதையும் விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் மகளுக்கு அம்மா தோட்டத்தைத் தான செட்டில்மென்டாக எழுதிவைக்கவும் வழியில்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மாமன் மகன் தன் பங்கை விற்க வந்தால், அதை வாங்கி ஒரே தோட்டமாகச் சேர்க்க அவளால் இயலாது. கோத்தகிரியில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இதே கதிதான். இந்திய பாஸ்போர்ட்டோடு இங்கேயே வசிக்கும் மகளுக்கு இந்தத் தடை ஒன்றும் இல்லை.

அடுத்தது படிப்பு. 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளை ஓசிஐ மாணவர்கள் எழுதலாம். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்குக் கிடையா. வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டிலோ, வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் உருவாக்கப்படும் கூடுதல் இடங்களிலோதான் போட்டியிட வேண்டும். அங்கே கட்டணம் பல மடங்கு. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பயணத்தில் ஓசிஐ வழிக்குத்தான் வெற்றி. ஆண்டுதோறும் தாத்தா பாட்டியைப் பார்க்க ஐரோப்பா போகும் குடும்பம், ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு ஷெங்கன் விசாவுக்காக அலைவது பெரும் பாடு. பிள்ளை அங்கேயே படித்து அங்கேயே வாழப்போகிறான் என்பது உறுதியானால் ஓசிஐதான் சரி. இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய்.

மலையில் வளரும் பிள்ளைக்கு நான் சொல்வது, பதினெட்டு வயது வரை இந்திய பாஸ்போர்ட். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டப்படி தங்கியிருப்பவராகவும் இருந்தால், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பிரிட்டனில் பிறந்த பிரிட்டிஷ் தந்தையின் பிள்ளை இங்கே பிறந்தாலும் பிறவியிலேயே பிரிட்டிஷ் குடிமகன்தான். அதற்கான பாஸ்போர்ட்டை முப்பது வயதிலும் கேட்கலாம். தானாக வந்த உரிமை, விரும்பிப் பெற்றதாகாது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டை வாங்கும்போதுதான் இந்தியக் குடியுரிமைக்குச் சிக்கல் வருகிறது. இரண்டு பாஸ்போர்ட்டையும் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையை மறைத்து இந்திய பாஸ்போர்ட் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம்.

காத்திருப்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. அமெரிக்கரின் பிள்ளை என்றால், வெளிநாட்டில் பிறந்த குடிமகன் என்று தூதரகத்தில் பதிவதை 18 வயதுக்குள் முடிக்க வேண்டும். குழந்தை வெளிநாட்டில் பிறந்திருந்தால் அவசரம் இந்தியப் பக்கத்தில்: ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். கெடு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. அப்படிப் பதிந்த பிள்ளைக்கு வேறு குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

வெளிநாட்டுத் துணைக்கு, பதிவுத் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆனபின் ஓசிஐ கேட்கலாம். விவாகரத்தானால் அது ரத்தாகும். ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம், சொந்த நாட்டுக் குடியுரிமையை விட மனமிருந்தால்.

ஏற்கெனவே ஓசிஐ வாங்கிவிட்ட பெற்றோர் மனம் உடைய வேண்டாம். அட்டை பெற்று ஐந்து ஆண்டு கழிந்து, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வாழ்ந்தவர், வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை கேட்கச் சட்டம் இடம் தருகிறது.