ஈரோட்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூடான் வேலம்பிசின்

ஈரோடு மணிக்கூண்டுப் பகுதியில் உள்ள நாட்டு மருந்துக் கடை ஒன்றில் சூடான் நாட்டு வேலம்பிசினை மூட்டையிலிருந்து நிறுத்துத் தருகிறார்கள். கொஞ்ச காலமாக அங்கேதான் வாங்கி வருகிறேன். சரக்கின் தரத்தைப் பொறுத்தவரை தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அது எந்தக் கைகளைக் கடந்து இங்கே வருகிறது என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். இந்தப் பொருளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதைத்தான் முதன்மையாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சரக்கு. பலரும் இதைப் பாதாம் பிசினோடு குழப்பிக்கொள்கிறார்கள். பாதாம் பிசின் தண்ணீரில் ஊறிக் கூழாகப் பருக்கும், கரையாது. வேலம்பிசின் குளிர்ந்த நீரிலேயே முழுவதும் கரைந்து தெளிந்த கரைசலாக நிற்கும். இக்கடையின் முதல்தரச் சரக்கு, வெளிர் ஆரஞ்சு நிறத்தில் மங்கலான மேற்பரப்புடன் உருண்டை உருண்டையாக இருக்கிறது. இரவில் ஊறவைத்தால் காலையில் அடியில் மரப்பட்டைத் துணுக்கு சிறிதளவே தங்குகிறது. வாடை இல்லை, சுவையும் ஏறக்குறைய இல்லை. நம் கருவேலம் பிசின் இதைவிடச் சிவந்து கருத்திருக்கும். நெய்யில் பொரித்துப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கும் வழக்கத்திற்கு நம் பிசினே போதும் என்பது என் கருத்து. ஆனால் பலகாரப் பூச்சுக்கும் காகிதம் ஒட்டுவதற்கும் சூடான் சரக்கின் தெளிவு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

உலகச் சந்தைக்கு வரும் வேலம்பிசினில் 70 முதல் 80 விழுக்காடு சூடானிலிருந்து வருவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. குளிர்பானங்களில் நறுமண எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் பிடித்து வைப்பது இதுதான். உணவுப் பொட்டலங்களில் 414 என்ற சேர்பொருள் எண்ணில் ஒளிந்திருப்பதும் இதுவே. 1997-ஆம் ஆண்டு சூடான்மீது வணிகத் தடை விதித்த அமெரிக்கா, இந்தப் பொருளுக்கு விலக்கு அளித்தது என்றால் இதன் தேவையை ஊகித்துக்கொள்ளலாம்.

முதல்தரப் பிசின் ‘ஹஷாப்’ என்னும் வேலமரத்தில் கிடைக்கிறது. மழைக்காலம் முடிந்து இலை உதிரத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், சூடானின் கோர்டோஃபான் பகுதி உழவர்கள் கூரிய சிறு கருவியால் கிளைப் பட்டையை நீளவாக்கில் உரித்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தக் காயத்தில் பிசின் திரண்டு காய, அதைக் கையால் பறிக்கிறார்கள். அதே நிலத்தில் கம்பு, சோளம், எள், நிலக்கடலை பயிரிட்டு, மண் களைத்ததும் வேலமரத்திற்கு விட்டுவிடுவது அவர்களுடைய பழைய வேளாண் முறை. மரம் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பித் தரும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக மேய்ச்சலைக் காத்துவந்த நம்மவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அறிவுக்கூர்மையை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏற்பாடு 2023 ஏப்ரல் 15-இல் சூடானில் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு வெகுகாலம் முன்பே தளரத் தொடங்கிவிட்டது. பதிவு செய்யப்படாத நிலம் முழுவதும் அரசுக்கே உரியது என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. தலைமுறைகளாக ஊர்வழக்கப்படி பகிர்ந்துகொண்ட காடும் மேய்ச்சல் நிலமும் அதன்பின் தலைநகரில் செல்வாக்குள்ளோரின் இயந்திரப் பண்ணைகளாக மாறின. கால்நடைகள் தெற்கும் வடக்குமாகப் போய்வந்த தடங்கள் அடைபட்டன. 1984-ஐ ஒட்டிய கொடும் வறட்சியில் மரங்களும் மாடுகளும் செத்தன, வடக்கே இருந்த மேய்ப்பர்கள் தெற்கே நகர்ந்தார்கள். நீரும் புல்லும் குறைந்தால் சண்டை தானாக வந்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பஞ்சாயத்துப் பேசித் தீர்த்துவந்த பிணக்குகளில் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தது அரசு. 2003-இல் மேற்கே டார்ஃபூர் பகுதியில் கிளர்ச்சியை ஒடுக்க அரசு ஆயுதம் கொடுத்து வளர்த்த ஜஞ்சவீத் குழுக்களே பின்னாளில் விரைவு ஆதரவுப் படை ஆயின. அதன் தலைவர் முகமது ஹம்தான் தகாலோவும் இராணுவத் தலைவர் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹானும் 2021 அக்டோபரில் சேர்ந்தே ஆட்சியைக் கைப்பற்றி, பிறகு அதற்காகத் தமக்குள் மோதிக்கொண்டார்கள்; அதுவே இந்தப் போர்.

பிசின் ஏலத்திற்குப் பெயர்பெற்ற எல் ஒபெய்த் நகரம் 2025 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. மற்றொரு சந்தை நகரமான எந்நகூத், அதே ஆண்டு மே மாதம் விரைவு ஆதரவுப் படையிடம் வீழ்ந்தது. இந்தப் போரில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். அவர்களுள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாட், எகிப்து, தெற்கு சூடான் முதலிய நாடுகளுக்குள் நுழைந்தார்கள். 2024 ஆகஸ்டில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரருகே, இடம்பெயர்ந்தோர் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. மக்கள் இல்லாத தோட்டத்தில் மரம் கீறப்படுவதில்லை. கீறிப் பறித்தாலும் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டி ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பணம் கட்டித்தான் நகர முடிகிறது. ஒரு பகுதிச் சரக்கு உரிய சான்றுகள் இல்லாமலே அண்டை நாடுகள் வழியே வெளியேறி, அந்நாட்டுச் சரக்காகக் கப்பலேறுகிறது.

இதையெல்லாம் மனத்தில் கொண்டு கடைக்காரரிடம் கேட்டேன். “மும்பைக்காரங்க அனுப்பற மூட்டைதானுங்க, கப்பல் எங்கிருந்து கெளம்புதுன்னு எங்களுக்குத் தெரியறதில்லீங்க” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே இக்கடையை மதிக்கிறேன். இணையத்தில் வருவித்த அழகான பொட்டலம் ஒன்றில் பிறப்பிடம் என்ற இடத்தில் ‘ஆப்பிரிக்கா’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு கண்டத்தின் பெயரை எழுதி ஒரு நாட்டின் துயரத்தை மறைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடையில் இரண்டாம் தரமும் உண்டு. அது ‘தல்ஹா’ மரத்துப் பிசின். நிறம் மங்கல், விரலால் அழுத்தினால் நொறுங்கும், கரைசல் சற்றுக் கலங்கும். விலை கணிசமாகக் குறைவு, ஒட்டுவேலைக்கு அது போதும். தல்ஹா மரம் களிமண் சமவெளிகளில் வளர்கிறது. அத்தகைய சமவெளியான, சூடானின் கிழக்கே உள்ள கெடாரெஃப் பகுதிக்கு, 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ரே போரிலிருந்து தப்பிய பல்லாயிரம் பேர் அடைக்கலம் தேடி வந்தார்கள். அடைக்கலம் கொடுத்த நாடே மூன்றாண்டு நிறைவதற்குள் போர்க்களமானது. தஞ்சம் புகுந்தவர்களும் தஞ்சம் கொடுத்தவர்களும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரே விறகுக்கும் காத்திருக்கும் நிலை அங்கே வந்துவிட்டது.

விறகு என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. சூடான் தலைநகர் கார்ட்டூமில் வெள்ளை நைல் ஆற்றங்கரையில் ‘சுனுத்’ காடு என்று ஒன்று இருந்தது. அங்கே நின்றவை நம் ஏரிக்கரைகளில் நிற்கும் அதே கருவேல இனத்து மரங்கள். வலசை வரும் பறவைகளுக்குப் புகலிடமாக விளங்கியவை. போர்க்காலத்தில் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனதால் விறகுக்கும் கரிக்குமாக அந்தக் காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அடுப்பெரிக்க வெட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோர்டோஃபானின் பிசின் மரங்களுக்கும் இதே கதி வந்தால், போர் நின்ற பிறகு ஊர் திரும்பும் குடும்பத்திற்குப் பிழைக்க வழி இராது. மறுபடி நட்டால் பிசின் கிடைக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் வாங்கலாமா? வாங்கலாம் என்றே சொல்வேன். நாம் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பவர் மரம் கீறும் உழவர்தான். சாவடியில் பணம் பறிப்பவருக்குத் தங்கம் இருக்கிறது, ஆடுமாடு இருக்கிறது, வேறு வழிகள் பல இருக்கின்றன. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்று நாலு வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் மும்பையைக் கேட்பார். என் வேண்டுகோளின் பேரில் இக்கடையில் இப்போது ஹஷாப், தல்ஹா இரண்டையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். துறைமுகப் பெயரையும் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாங்குபவர்கள் பொடியாக வாங்காமல் கட்டியாகவே வாங்குங்கள், பொடியில் இரண்டு தரத்தையும் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் படாத கண்ணாடிப் புட்டியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.