குளக்கரைக் கூடாரமும் பற்றுச்சீட்டு இல்லாத 26,000 ரூபாயும்

நான் ஒரு சிறாப்பர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் 19 வருஷமாகச் சனத்திடம் காசு வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுவதுதான் வேலை. ஐந்து ரூபாய் குறைந்தால் கணக்காய்வுக்காரருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அப்படிப்பட்ட நான் இந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு குளக்கரையில் ஒரே இரவில் 26,000 ரூபாயைத் துண்டில்லாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுத வேண்டாம், கந்தோரில் சிரிப்பார்கள் என்று மனைவி சொல்கிறா. சிரிக்கட்டும். அடுத்த போயா லீவுக்கு அதே இடத்துக்குப் பிள்ளைகளோடு போக நினைக்கிற யாராவது இதை வாசித்தால் போதும்.

இடத்தின் பெயரை எழுதவில்லை, இது பற்றி நான் கொடுத்த முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. இங்கினியாகலையோ, படகில் போய் நீந்துகிற யானை பார்க்கிற சேனநாயக்க சமுத்திரமோ இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையைத் தாண்டி, காடு தொடங்குகிற பக்கம் ஒரு குளம் என்ற அளவில் விடுகிறேன். வேலி, கேற், ரிக்கெட் கவுண்டர், சிவப்பு எழுத்தில் விதிப் பலகை எல்லாம் உள்ள அரசாங்க இடம்.

இந்த யோசனையைக் கொண்டுவந்தது கனடாவில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்த மச்சான். அங்கே ஏரிக்கரைப் பார்க்குகளில் கூடாரம் அடித்துப் படுக்கிற பழக்கம் அவருக்கு. மாசக்கணக்குக்கு முதலே பதிய வேண்டுமாம். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாதாம், விறகுக்குள் இருக்கிற பூச்சி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவிவிடும் என்று. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் கரடி வருமாம், காருக்குள் பூட்ட வேண்டுமாம். இரவில் பாட்டுப் போட்டால் பார்க் ஆள் வந்து ஒரு முறைதான் சொல்லுவாராம். "விதி கடுமைதான் அத்தான், ஆனா அதாலதான் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் நானும் கிளம்பினேன். எங்கள் குளத்துப் பலகையிலும் 17 விதி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், பரவாயில்லை, ஒழுங்கான இடம் என்றுதான் நினைத்தேன்.

தெரிந்த ஒருவர் ஒரு நம்பர் தந்தார். எடுத்தவர் நல்ல மரியாதை. "எத்தன பேர் சேர்? ஒம்பதா? பெரிய டென்ட் ரெண்டு, பாய், ராக்காவலுக்கு வோச்சர் எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம். முழுக்காசும் போட்டாத்தான் இடம் பிடிச்சு வைக்கலாம். ரிசீட்ட இங்க வந்து எடுக்கலாம்." வாட்ஸ்அப்பில் ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் வந்தது. கணக்கின் பெயர் ஒரு ஆளுடைய பெயர். ஒரு அரசாங்க நிறுவனத்தின் வருமானம் தனியாளின் சேமிப்புக் கணக்கில் விழாது என்பது எனக்குத் தெரியாதா? என் மேசையில் யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கே பணிநீக்கம். ஆனால் விடுமுறை, பிள்ளைகள் குதிக்கிறார்கள், மச்சான் பக்கத்தில் நிற்கிறார். போட்டுவிட்டேன்.

வேன் பிடித்து மண்முனைப் பாலத்தால் போனோம். 2014இல் அந்தப் பாலம் வருகிற வரைக்கும் அந்த வாவியை நாங்கள் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம். மாமி அந்தக் காலத்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தா. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. குளம் பாதிக்கு மேல் வற்றி, வற்றின இடமெல்லாம் பச்சைப் புல். பார்க்க வடிவு. அந்தப் புல்லைத் தின்னத்தான் அந்த மாசத்தில் யானை இறங்கும் என்பது எனக்கு உறைத்தது இரவு பதினொரு மணிக்கு.

கேற்றில் பைகளைச் சோதித்தார்கள். பொலித்தீன் உள்ளே விடுவதில்லை. இது சரியான விதி, ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த கதை 2022இல் உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது. நாங்களும் சோற்றை வாழையிலையில்தான் கட்டிக்கொண்டு போனோம். தண்ணீர்ப் போத்தல் 14 இருந்தது. ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி, 2,000 ரூபாய் வைப்புக் கேட்டார்கள், போகும்போது போத்தலைக் காட்டினால் திருப்பித் தருவோம் என்று. கொடுத்தேன். இரவு வேன் நிறுத்த 1,000. அதையும் கொடுத்தேன். "ரிசீட்?" என்றேன். "நீங்க போகக்குள்ள எல்லாத்தையும் சேர்த்து ஒண்டா எழுதலாம் சேர்."

பலகையைப் பிள்ளைகள் வாசித்தார்கள். சிங்களம் பெரிதாக, இங்கிலீஷ் அதற்குக் கீழே, தமிழ் அடியில் இடம் காணாமல் நெருக்கி. 'மிருகங்களுக்கு உனவு கொடுக்க வேண்டாம்.' 'முதளை அவதானம்.' மகள் கேட்டாள், "அப்பா, முதளை எண்டா என்ன மிருகம்?" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். 12ஆவது விதி தீ மூட்டுவது தடை. அதை நாங்கள் எல்லோருமே வாசித்தோம். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன்.

கூடாரங்கள் ஒரு பெரிய மருத மரத்துக்குக் கீழே, தண்ணீரிலிருந்து இருபது முப்பது அடியில். ஒன்றின் சிப் பாதியில் நின்றுவிட்டது, ஊசி குத்தித்தான் மூட வேண்டும். பாயில் ஈர மணம். மலசலகூடத்துக்குப் பூட்டு. திறப்பு யாரிடமோ இருக்கிறதாம், அவர் காலையில்தான் வருவாராம். தாங்கியில் தண்ணீர் இல்லை. குளத்தில் இறங்கக் கூடாது, 'முதளை'. ஒன்பது பேர், அதில் ஒருவர் 71 வயது நீரிழிவுக்காரி. மாமி கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "மருமகன், இதில லத்தி கிடக்கு. காயல்ல" என்றா. யானைச் சாணத்தைத்தான் சொன்னா. காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது போன கிழமைப் பழசு சேர் என்றார். மாமி படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவ. அவவுக்குத் தெரியாத லத்தியா! ஆனால் நான் காவலாளியைத்தான் நம்பினேன், சீருடை போட்டிருந்தபடியால்.

ஆறு மணிக்கு அதே காவலாளி ஒரு இரும்பு அடுப்பையும் அரை மூடை கரியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளைகளுக்குக் கோழி சுட்டுக் குடுங்க. மூவாயிரத்தி ஐநூறு." தீ மூட்டக் கூடாது என்று பலகையில் இருக்கிறதே என்றேன். "அது நிலத்தில மூட்டுறதுக்கு சேர். அடுப்புக்கு ஒண்டுமில்ல." அவரே கரியைக் கொட்டி, அவரே மூட்டி, அவரே விசிறியும் தந்தார்.

ஏழரை மணி இருக்கும். கோழி பாதி வெந்திருந்தது. டோர்ச் வெளிச்சத்தோடு வேறொருவர் வந்தார். சீருடை இல்லை, கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. வந்ததும் அடுப்பைப் படம் எடுத்தார்.

"அண்ணன், போர்ட் வாசிக்கல்லயா?"

"உங்கட ஆள்தான் அடுப்புத் தந்தது."

"எங்கட ஆளா? ஆரு? கூப்பிடுங்க பாப்பம்."

கூப்பிட்டோம். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கேற்றில் வெளிச்சமும் இல்லை. பத்தாயிரம் தண்டம், இல்லாவிட்டால் பொலிஸ், வழக்கு, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் இருந்தால் இன்னும் சிக்கல் என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு மச்சானின் மனைவி பயந்துவிட்டா. பேரம் பேசி ஐயாயிரத்தில் வந்து நின்றது. தண்டத்தில் பேரம் உண்டா? என் வாழ்க்கையில் நான் எழுதின தண்டப் பற்றுச்சீட்டு எதிலும் யாரும் விலை குறைத்ததில்லை. அந்த இடத்திலேயே எழும்பி வேனை எடுத்திருக்க வேண்டும். ஆனால் இருட்டு, காட்டு வழி, வேன் டிரைவர் இரவில் அந்த றோட்டால் ஓட மாட்டேன் என்கிறார். அந்த ஆளுக்கும் அது தெரியும்.

பற்றுச்சீட்டுக் கேட்டேன், விடாமல் கேட்டேன். புத்தகம் ஒஃபிஸில் என்றார். கடைசியில் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, வேன் பொனற்றில் வைத்து எழுதித் தந்தார்: 'ரூபா 5000 பெற்றேன்.' திகதி இல்லை. எதற்கு என்று இல்லை. கையெழுத்து ஒரு வளையமும் ஒரு இழுப்பும். அரசாங்கப் பற்றுச்சீட்டு என்றால் அச்சடித்த தொடர் இலக்கம் இருக்கும், காபன் வைத்து எழுதின பிரதி புத்தகத்தில் நிற்கும், கந்தோர் முத்திரை இருக்கும். அந்த இலக்கம்தான் எல்லாம். அது இல்லாத தாளில் எவ்வளவு வடிவான எழுத்தில் எழுதினாலும் மளிகைக் கடைத் துண்டுக்குள்ள மதிப்புக் கூட இல்லை. இதை நான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன். அந்தத் தாளை மடித்துப் பேர்ஸில் வைத்துக்கொண்டேன்.

தீத் தடையும் நியாயமான விதிதான். கச்சான் வீசுகிற மாசத்தில், காய்ந்த சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிற இடத்தில், ஒரு பொறி பறந்தால் காடு போய்விடும். அதைத் தடுக்கத்தான் விதி. இவர்கள் அதை வைத்துக் கண்ணி கட்டுகிறார்கள். ஒருவர் அடுப்பு வாடகைக்குத் தருவார், மற்றவர் அதே அடுப்புக்குத் தண்டம் வாங்குவார்.

இரவு பதினொரு மணி. முதலில் கொப்பு முறிகிற சத்தம். பிறகு ஒரு நீண்ட மூச்சு, தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம். மாமி என் தோளைத் தட்டி, "அவர் வந்திரிக்கார், பேச வேணாம்" என்றா. யானை என்ற சொல்லை அவ அன்று இரவு முழுக்கச் சொல்லவே இல்லை. சிப் இல்லாத கூடாரத்துக்குள்ளிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வேனுக்கு இழுத்தோம், செருப்புப் போடாமல், டோர்ச் அடிக்காமல். 18,000க்குள் அடங்கும் என்ற வோச்சரைக் காணவில்லை. மூன்று நம்பருக்கு எடுத்தேன், மூன்றும் நிறுத்தம். ஒன்பது பேரும் டிரைவரும் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேர்த்து ஒழுக இருந்தோம். மலசலகூடம் பூட்டு, வெளியே இறங்க முடியாது. மாமி பட்ட பாட்டை நான் இங்கே எழுத மாட்டேன். நாலு மணி கடந்துதான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. விடிந்து பார்த்தால் எங்கள் சாப்பாட்டுப் பெட்டி இருந்த கூடாரம் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தது.

காலையில் காவலாளி ஒன்றும் நடக்காததுபோல் வந்து போத்தல் எண்ணினார். 14 போத்தலும் இருந்தன, ஆனால் நாலுக்கு ஸ்டிக்கர் உரிந்துவிட்டதாம், இரண்டுக்கு மூடி இல்லையாம். 2,000இல் 800 திரும்பி வந்தது. மச்சான் பேசப் போக, நான் இழுத்துக்கொண்டு வந்தேன். "மறுகா இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டன்" என்றா மாமி.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் என் தொழில் எனக்கு உதவியது. தகவலறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. விண்ணப்பிக்கக் காசில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்: அங்கீகரிக்கப்பட்ட கட்டண விபரம், தண்டம் அறவிட அதிகாரம் உள்ளவர் யார், அன்றைய திகதியில் வெட்டின பற்றுச்சீட்டு இலக்கங்களும் வருகைப் பதிவும்.

பதில் வந்தது. நுழைவுக் கட்டணம் தலைக்கு 300. போத்தல் வைப்பு என்று கட்டணப் பட்டியலில் ஒன்றும் இல்லை, அடுப்பு வாடகையும் இல்லை. தண்டம் அந்த இடத்தில் கையில் வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இரவு தங்க எழுத்து மூல அனுமதி வேண்டும், அன்றைக்கு அப்படி ஒரு அனுமதியும் கொடுக்கப்படவில்லை. நான் கொடுத்தது 18,000, 1,000, 3,500, 5,000, போத்தலில் போன 1,200. கூட்டினால் 28,700. அரசாங்கக் கணக்கில் விழுந்தது ஒன்பது பேருக்கும் 2,700. மிச்சம்தான் தலைப்பில் உள்ள தொகை.

காசைவிட என்னை உலுக்கினது வருகைப் பதிவின் பிரதி. 'வயது வந்தோரும் சிறுவரும் 9, வேன் 1, உட்சென்ற நேரம் பி.ப. 3.40, வெளியேறிய நேரம் பி.ப. 5.45.' பக்கத்தில் என் பெயரில் யாரோ போட்ட கையெழுத்து. அந்த 5.45க்கு நான் காவலாளியிடம் மலசலகூடத் திறப்புக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அன்று இரவு எங்களில் ஒருவருக்கு ஏதாவது நடந்திருந்தால், பதிவுப் புத்தகத்தின்படி நாங்கள் அங்கே இருக்கவே இல்லை.

போகத்தான் போகிறீர்கள் என்றால், கணக்கின் பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாவிட்டால் ஒரு சதமும் போடாதீர்கள். இரவு அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் வேன் பேசுங்கள். கேற்றில் பதிவுப் புத்தகத்தை நீங்களே வாசித்துவிட்டு, நீங்களே கையெழுத்து வையுங்கள். யாராவது தண்டம் கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற நம்பருக்கு எடுக்கப் போகிறேன் என்று அவர் முன்னாலேயே போனைக் கையில் எடுங்கள். அங்கே சிக்னல் ஒரு கோடுதான், ஆனாலும் எடுங்கள்.

முறைப்பாட்டுக்கு, கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கந்தோரில் கூட வேலை செய்கிற தம்பியின் போனில் அந்தப் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

"எத்தன பேர் சேர்? இடம் இரிக்கி. முழுக்காசும் போட்டாத்தான் பிடிச்சு வைக்கலாம். ரிசீட்ட இங்க வந்து எடுக்கலாம்."