பெயர் தெரியாத பூவுக்கு எது நல்லது: கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட்

யாழ்ப்பாணப் பக்கம் மணற்காட்டு மணல்மேடு, நெடுந்தீவுத் தரவை என்று நடக்கப் போகிறவர்கள் பெயர் தெரியாத செடியைக் கண்டால் முதலில் திறப்பது கூகுள் லென்ஸைத்தான். படத்தை வைத்துப் பெயர் சொல்லும் இந்த மூன்று செயலிகளையும் பாவித்துப் பார்த்துவிட்டு நான் ஐநேச்சுரலிஸ்ட்டில் நின்றுவிட்டேன்.

லென்ஸ் கெதியானது, அவ்வளவுதான். எருக்கலை, நாயுண்ணி, கார்த்திகைப்பூ மாதிரி இணையம் முழுக்கப் படம் கிடக்கிற பூவென்றால் சரியாகச் சொல்லும். வரம்போரத்துச் சின்னப் பூண்டுகளுக்கு அதை நம்ப மாட்டேன்.

பிளான்ட்நெட் பிரான்ஸ் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது, செடிகளுக்கு மட்டுமானது. படத்தில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்று தனித்தனியே சொல்லிக் கொடுக்கலாம், அதனால் பூக்காத காலத்து மரங்களுக்கு இன்னும் அதைத்தான் எடுக்கிறேன். பெயர்களை வீதக் கணக்கோடு அடுக்கித் தரும். அங்கும் மற்றவர்கள் வாக்களிக்கலாம், ஆனால் ஏன் அந்தப் பெயர் என்ற விளக்கம் எனக்குக் கிடைத்தது குறைவு.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த 'ஏன்'தான். ஐநேச்சுரலிஸ்ட்டிலும் முதல் பெயரைக் கணினிதான் சொல்லும், ஆனால் அது தொடக்கம் மட்டும்; படம், திகதி, இடம் மூன்றும் இருந்தால் மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால்தான் பதிவு 'ஆய்வுத்தரம்', அதாவது ஆய்வுக்கு எடுக்கத்தக்கது என்ற நிலைக்குப் போகும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது இங்கே அப்படியே பொருந்தும். கீழ்காய்நெல்லியை எடுங்கள். வயல் வரம்பில் ஒன்றுபோலத் தெரிகிற நாலைந்து பூண்டுகளை நாங்கள் அந்த ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறோம். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து எந்தச் செயலியும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும். இங்கே ஒருவர், கிளையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கிட்டவாக எடுத்துப் போடச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது: காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கி, பூவில் ஐந்து இதழ் இருந்தால் பிலாந்தஸ் அமாரஸ், காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாத மாதிரி தண்டோடு ஒட்டியிருந்தால் பிலாந்தஸ் யூரினாரியா. மஞ்சட்காமாலைக்கென்று அரைத்துக் குடிக்கிற செடி, அதனால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

கவரேஜ் இல்லாத இடத்திலும் சிக்கலில்லை. கைபேசியில் இருப்பிடத்தைப் பதிய விட்டுப் படம் எடுத்தால் போதும், பின்னேரம் வீட்டுக்கு வந்து ஏற்றலாம். அருகிவரும் இனமென்று குறித்து வைத்திருக்கும் செடிகளுக்குச் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வழி காட்ட எனக்கு மனமில்லை, ஆகவே இது பெரிய ஆறுதல்.

ஊர்ப் பெயருக்கு மட்டும் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், ஆடு வாய் வைக்காத செடி எதென்றும் சேர்த்துச் சொல்வார்கள். எந்தச் செயலி எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை நம்பி எதையும் வாயில் வைக்க வேண்டாம். கார்த்திகைப்பூவின் கிழங்கில் இருக்கும் கொல்சிசின் என்ற நஞ்சு ஆளைக் கொல்லும்.

புல், கோரை வகைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. நான் போட்டவற்றில் பல இன்னும் குடும்பப் பெயரோடேயே நிற்கின்றன, கதிரைக் கிட்டவாக எடுத்துப் போட்டவை மட்டும் கொஞ்சம் நகர்ந்தன.