‘புத்தம் புதிய’ ஹார்ட் டிஸ்க்கின் வயது: 21,340 மணி நேரம்

கணினி மெதுவாகிவிட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கையாண்ட வித்தையை மட்டும் சொல்கிறேன்.

என் கணினியில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் உள்ளே கரகரவென்று சத்தம். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடினாலும் அப்படித்தான் காட்டும். ஆனால் அதே பக்கத்தில் சராசரி பதிலளிப்பு நேரம் என்று ஒன்று இருக்கிறது. சுழலும் டிஸ்க் நல்ல நிலையில், அதிகச் சுமை இல்லாமல் இருந்தால் அது சில பத்து மில்லி செகண்டுக்குள் இருக்கும். எனக்கு 4,000-ஐத் தாண்டியது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. “வைரஸ் சார், ஃபார்மட் செய்ய வேண்டும், ரேமும் போதாது” என்று நின்றபடியே தீர்ப்பு எழுதிவிட்டார். ரேம் குறைந்தால் விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக நினைவகமாக்கி அதைப் படுத்தி எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது நினைவகம் நிரம்பி வழிய வேண்டும். என் திரையில் அது பாதிகூட நிரம்பவில்லை. தலைவலி என்று வந்தவரின் நாடியைக்கூடப் பிடிக்காமல் மொட்டையடித்து அனுப்பியது போல் ஆயிற்று. ஃபார்மட், கூடுதல் ரேம், வைரஸ் தடுப்பு மென்பொருள் என்று பில் நீண்டது. நகல் எடுத்துவிட்டதாகச் சொன்னவர் ஆவணங்கள் கோப்புறையை மட்டும்தான் எடுத்திருந்தார். டெஸ்க்டாப்பில் கிடந்தவை எல்லாம் போயே போய்விட்டன.

சில நாள் ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. பழுதான செக்டாரை, அதாவது தகவல் பதிந்திருக்கும் சிறு பகுதியை, படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும்போது கணினி முழுவதும் அதற்காகக் காத்துக் கிடக்கும். ஃபார்மட் செய்வதால் அந்தத் தட்டு குணமாகிவிடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதை நிமிடத்தில் காட்டிவிடும். அதில் பழுதான செக்டார்களின் கணக்கைச் சொல்லும் 05, சி5 (C5), சி6 (C6) என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மூல மதிப்பு (Raw Values) சுழியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் முதல் வேலை நகல் எடுப்பது. அதற்கு முன் டீஃபிராக், செக்டிஸ்க் என்று டிஸ்க்கைச் சீரமைக்கும் கருவிகளை யாரையும் ஓட்ட விடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவை இன்னும் அலைக்கழிக்கும்.

மீண்டும் போனபோது “டிஸ்க் போய்விட்டது” என்றார்கள், முதல் நாளே தெரிந்தது போல. புதியது என்று ஒன்றை மாட்டினார்கள். மேலே பளபளவென்று ஸ்டிக்கர். பிரிக்காத உறையைக் காட்டவில்லை. வீட்டில் மென்பொருளைத் திறந்தால் நிலை ‘நல்லது’ என்று நீல நிறத்தில் சிரிக்கிறது. இயங்கிய நேரம் 21,340 மணி. ஆண்டுக்கு 8,760 மணி என்றால் கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு. மின்னிணைப்பு தரப்பட்ட எண்ணிக்கையோ வெறும் 63. அதாவது, அணைக்காமல் இரவும் பகலும் ஓடும் சர்வரிலோ கண்காணிப்புக் கேமராப் பெட்டியிலோ உழைத்து ஓய்ந்த டிஸ்க்.

கேட்டதற்கு “மென்பொருள் தப்பாகக் காட்டுகிறது” என்றார்கள். பில்லில் சீரியல் எண்ணே இல்லை. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதைக் கொடுத்து உத்தரவாதம் எதுவரை என்று பாருங்கள். இயங்கிய நேரம் சுழியம் என்று காட்டினாலும் மயங்கிவிட வேண்டாம், அதை அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025-இல் பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகளைச் சில விற்பனையாளர்கள் புதியவை என்று தள்ளிவிட்டது அம்பலமானபோது, டிஸ்க் தனக்குள்ளே எழுதி வைக்கும் ‘ஃபார்ம்’ (FARM) என்ற தனி உள்பதிவுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. கழற்றிய டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் புகைப்படங்களும் வங்கி விவரங்களும் அதில்தான் இருக்கின்றன.

அந்த 21,340-ஐப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு டிஸ்க்குக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். ரேமுக்கும் ஃபார்மட்டுக்கும் கொடுத்தது வரவில்லை. என் பழைய டிஸ்க் ‘குடோனில்’ இருக்கிறதாம், கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.