பிறந்தநாள் பலூன் கிட்: அட்டையில் 63, சுவரில் ஐந்தரை அடி

ஆன்லைன் கடைகளில் பிறந்தநாள் அலங்கார கிட் என்று தேடினால் 250 ரூபாயில் தொடங்கி 600 ரூபாய் வரை வரிசையாக வந்து விழும். கம்பெனிப் பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயர் பெயராகப் பிரிக்காமல் இந்த வகை பாக்கெட்டையே இங்கே எடை போட்டிருக்கிறோம். வீட்டு ஹாலில் இருபது முப்பது பேரை வைத்து நடத்தும் முதல் பிறந்தநாளுக்கு இது கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் அட்டையில் போட்டிருக்கும் அந்த வளைவு, இந்த ஒரு பாக்கெட்டில் வரவே வராது.

"63 பீஸ்" என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'ஹேப்பி பர்த்டே' ஃபாயில் எழுத்துகள் 13. எழுத்துக்கு எழுத்து ஒரு பீஸ் கணக்கு. ரப்பர் பலூன் 45, மூன்று நிறத்தில் பதினைந்து பதினைந்தாக. மின்னும் ஃபாயில் திரை 2. மிச்சம் மூன்றும் கைப்பம்ப், பலூன் கோக்கும் பட்டை, குளூ டாட் (இரு பக்கமும் ஒட்டும் பசைப் புள்ளி) சுருள். ஆக, சுவரை நிரப்பப்போவது அந்த 45 மட்டும்தான். 9 அங்குலத்துக்கு ஊதி நெருக்கமாகக் கோத்தால் அடிக்கு எட்டு பலூன் பிடிக்கும். ஊதும்போது உடைவதும் கழுத்து கிழிந்திருப்பதுமாக இரண்டு மூன்று போனால், மிஞ்சுவது ஐந்து, ஐந்தரை அடி மாலை. தரையிலிருந்து ஏறித் தலைக்கு மேல் வளைந்து மறுபக்கம் பாதி இறங்கும் வளைவுக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். அதாவது நூறு பலூன். இடைவெளியை அடைக்கும் 5 அங்குலக் குட்டிப் பலூன் தனி. அது இந்த கிட்டுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

எனவே ஒரு கிட்டும், கூடவே 50 பலூன் உள்ள தனி பாக்கெட் ஒன்றும், குட்டிப் பலூன் ஒரு பாக்கெட்டும் வாங்குங்கள். பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை காசிச் செட்டித் தெருப் பக்கம் இன்னும் மலிவு. தனி பாக்கெட்டில் கிட்டின் நிறத்தையே தேடாதீர்கள். இரண்டு கம்பெனியின் 'பேஸ்டல் பிங்க்' ஒன்றுபோல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வெள்ளையோ தங்க நிறமோ எடுத்தால் எதோடும் சேரும்.

பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இந்த கிட்டுகளில் அடிக்கடி வரும் சொதப்பல், ஓர் எழுத்து குறைவது. H, A, P, Y நான்கும் இரண்டிரண்டு இருக்க வேண்டும். B, I, R, T, D ஒவ்வொன்று. இரட்டை எழுத்துகளில்தான் பெரும்பாலும் ஒன்று விடுபடும். விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. நாலைந்து நாள் முன்னதாகவே எண்ணிவிடுங்கள். பாக்கெட்டின் மேல் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். பலூன் ரப்பர் பாலில் செய்வது; வெயில் படும் கடையில் தொங்கிய பழைய சரக்கானால் கழுத்தை இழுத்தவுடன் பிசுபிசுக்கும், அல்லது வெடித்துவிடும். உள்ளே லேசாக வெள்ளைப் பொடி இருந்தால் அது குறையில்லை. ஒட்டாமல் இருக்கப் போடுவது.

கிட்டில் வரும் பிளாஸ்டிக் கைப்பம்ப் இழுத்தாலும் தள்ளினாலும் காற்று விடும் வகை. ஒரு பலூன் நிறையப் பல தடவை தள்ள வேண்டும். இறுகினால் தேங்காய் எண்ணெய் விடத் தோன்றும், விடாதீர்கள். எண்ணெய் ரப்பரைத் தின்னும்; பட்ட பலூன் மெலிந்து வெடிக்கும். குழந்தைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு பலூன் கட்ட உட்காருவதும் அதே தப்புதான். ஒருவர் ஊத, ஒருவர் முடிச்சுப் போட, 45 பலூனுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு என்றால் இரண்டு மூக்கு உள்ள மின்சார பம்பை யாரிடமாவது இரவல் வாங்குவது நல்லது. அதைப் பத்து நிமிடம் ஓட்டினால் சற்று ஆறவிட வேண்டும், மோட்டார் சூடேறும்.

எவ்வளவு ஊதுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 10 அங்குலம் என்று போட்டிருந்தால் 9-க்கு ஊதுங்கள். உருண்டையாக இருந்தால் சரி. அடிப்பக்கம் கழுத்தோடு இழுபட்டுப் பேரிக்காய் மாதிரி ஆனால் அளவு மிஞ்சிவிட்டது, கொஞ்சம் காற்றை விட வேண்டும். அளவு ஒன்றுபோல வர, மேசை மேல் இரண்டு கனமான டப்பாக்களை 9 அங்குல இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு பலூனையும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். முட்டாமல், ஆடாமல் நுழைந்தால் அளவு சரி. காற்று வெப்பத்தில் விரியும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏசி அறையில் முழுசாக ஊதிய பலூனை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் ஒவ்வொன்றாக வெடிக்கும், அடர்ந்த நிறங்கள் முதலில். வெடிக்காமல் தப்பியதும் சில மணி நேர வெயிலில் பளபளப்பு போய் வெல்வெட் மாதிரி மங்கிவிடும். முந்தின நாள் இரவே ஊதி, வெயில் வராத அறையில் வைத்தால் மறுநாள் மாலை வரை கவலையில்லை.

கோக்க கிட்டில் வரும் துளைப் பட்டை 5 மீட்டர் நீளம் இருக்கும். துளையின் குறுகிய பக்கத்தில் முடிச்சை இழுத்து மாட்டச் சொல்லும் அட்டைக் குறிப்பு. முடிச்சு சின்னதாக இருந்தால் நழுவி விழும். கழுத்தை ஒரு சுற்று சேர்த்துக் கட்டினால்தான் நிற்கும். எங்கள் சிபாரிசு, பட்டையையே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பலூனை கழுத்தோடு கழுத்து சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டுங்கள். அப்படி இரண்டு ஜோடியைக் குறுக்கே வைத்து நடுவில் ஒரு முறுக்கு. நாலு இதழ் பூ மாதிரி ஒரு கொத்து வரும். இந்தக் கொத்துகளை ஒரு தூண்டில் நரம்பில் அடுத்தடுத்துச் சுற்றி, ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். பூக்கட்டத் தெரிந்த கை இருந்தால் அரை மணியில் முடித்துவிடும். மல்லிகைச் சரம் தொடுக்கும் அதே கணக்குதான். குட்டிப் பலூன்களைக் கடைசியில் இடைவெளி பார்த்து குளூ டாட்டால் ஒட்டுங்கள்.

குளூ டாட் பலூனோடு பலூன் ஒட்டத்தான் லாயக்கு. சுவரில் ஒட்டினால் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் பொடியோடு உரிந்து வரும். எமல்ஷன் சுவரில் நிற்கும், ஆனால் கேக் வெட்டும் நேரம் பார்த்து ஒரு பக்கம் இறங்கும். இரட்டைப்பக்க ஃபோம் டேப் நன்றாகப் பிடிக்கும், எடுக்கும்போது பெயிண்டைச் சேர்த்துக் கொண்டுபோகும். வாடகை வீட்டில் அட்வான்ஸ் பணம் நினைவிருக்கட்டும். காலண்டர் ஆணி, திரைச்சீலைக் கம்பி, ஜன்னல் கிரில் இந்த மூன்றில் எது கிடைக்கிறதோ அங்கே நரம்பைக் கட்டுங்கள். இரண்டு முனையோடு நடுவிலும் ஒரு பிடி இருந்தால்தான் மாலை தொய்யாது. பின்னணிக்கு ஃபாயில் திரையைவிட ஒரே நிறப் பருத்திப் புடவை அழகு. பட்டுப்புடவை வேண்டாம், குத்தும் ஊசி ஜரிகையில் நூல் இழுக்கும்.

எழுத்து பலூனைப் பம்பால் ஊதாதீர்கள். வாய்க்கால் மாதிரி உள்ள மெல்லிய வால்வில் பம்பின் மூக்கைத் திணித்தால் கிழியும். கிட்டில் வரும் ஸ்ட்ராவை இரண்டு மூன்று அங்குலம் உள்ளே விட்டு வாயால் ஊதி, ஸ்ட்ராவை உருவினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஓரச் சுருக்கம் கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். ரப்பர் மாதிரி இது விரியாது, தையல் பிரியும். பதின்மூன்றையும் ஒரே வரிசையில் தொங்கவிட ஹால் சுவர் போதாது, இரண்டு வரியாகத்தான் வரும். தமிழில் வேண்டுமானால் அட்டையில் வெட்டிய தோரணம் கடைகளில் உண்டு. 'வாழ்த்துகள்' என்று இருக்குமா 'வாழ்த்துக்கள்' என்று இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்; எப்படி வந்தாலும் வருகிற பெரியவர்களில் ஒருவர் தப்பு என்பார்.

உயரம் ஒரு முக்கியமான விஷயம். ஒரு வயதுக் குழந்தை நாற்காலியிலோ மடியிலோதான் இருக்கும். தலை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்க, அலங்காரத்தை ஆறடிக்கு மேல் தூக்கிக் கட்டினால் போட்டோவில் குழந்தைக்குப் பின்னால் வெற்றுச் சுவரும் ஸ்விட்ச் போர்டும்தான் விழும். எழுத்துகளின் கீழ் வரி நாலரை அடியில் நிற்கட்டும். பலூன் மாலை பக்கவாட்டில் இரண்டடி வரை இறங்கலாம். ஆனால் பிடித்து நின்று நடக்கும் குழந்தைகளுக்கு அது எட்டும் தூரம், கேக் வெட்டும் வரையாவது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஃபாயில் திரையை நாங்கள் எடுத்து வைத்துவிடச் சொல்வோம். ஃபேன் போட்டால் பறந்து கேக் கிரீமில் ஒட்டும்; ஃபேன் போடாமல் சித்திரை வைகாசியில் முப்பது பேரை உட்கார வைக்க முடியாது. அதைவிட, நம் வீடுகளில் கேக் வெட்டுவதோடு விழா முடிவதில்லை. குழந்தையை உட்கார வைத்துக் குத்துவிளக்கு ஏற்றி, கற்பூரம் வைத்த ஆரத்தித் தட்டைச் சுற்றுவார்கள். அந்தத் தட்டு போய் வரும் பாதையில் திரையின் நுனி ஆடிக்கொண்டிருக்கும். கிட்டில் ஸ்னோ ஸ்பிரே இருந்தால் அதையும் ஒளித்து வையுங்கள். அதைப் பீய்ச்ச உள்ளே அடைத்திருக்கும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது. மெழுகுவத்தி எரியும்போது அடிப்பதுதான் எல்லோருக்கும் ஆசை.

பறக்கும் பலூன் வேண்டும் என்று கேஸ் அடித்து வாங்குகிறவர்கள், உள்ளே இருப்பது ஹீலியம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஹீலியம் விலை அதிகம். மலிவாகக் கிடைத்தால் அது ஹைட்ரஜனாக இருக்க வாய்ப்பு அதிகம், பொறி பட்டால் தீப்பந்தாகும். சென்னை பாடியில் 2020 செப்டம்பரில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஹைட்ரஜன் பலூன்கள் தீப்பிடித்துப் பலருக்குக் காயம். வீட்டுக்குள் சாதாரணக் காற்றே போதும். மாடியில் ஃபாயில் பலூனைக் காற்றில் விடவும் கூடாது. உலோகப் பூச்சு இருப்பதால் மின்கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகும்.

குழந்தை விஷயத்தில் இந்த கிட்டின் பெரிய குறை, அட்டையில் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருப்பது, அல்லது இல்லவே இல்லாதது. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, ஊதாத அல்லது உடைந்த பலூன் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சை அடைக்கும் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். காரணம் எளிது. நிலக்கடலை போன்ற கெட்டிப் பொருள் சிக்கினால் ஓரத்தில் சிறிது இடைவெளியாவது இருக்கும். ரப்பர்த் துண்டு தொண்டையின் வடிவத்துக்கே படிந்து மூடிக்கொள்ளும், இருமினாலும் எளிதில் வராது. ஒரு பலூன் வெடித்தால் சத்தத்துக்குச் சிரித்துவிட்டு விடாமல், துண்டுகளை அந்த நொடியே பொறுக்கிவிடுங்கள். கழுத்து வளையத் துண்டுதான் பெரும்பாலும் சோபாவுக்கு அடியில் போய்க் கிடக்கும். விலை கூடிய கிட்டுகளில் வரும் குட்டி விளக்குச் சரம் பட்டன் செல்லில் (பொத்தான் அளவு குட்டி பேட்டரி) ஓடினால், மூடி ஸ்குரூ போட்டதா என்று பாருங்கள். ஸ்குரூ இல்லையென்றால் தூக்கி எறியுங்கள். விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

சில விற்பனையாளர்கள் இன்னும் பலூன் மாட்டும் பிளாஸ்டிக் குச்சியையும் தெர்மாகோல் எழுத்துகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையில் இருக்கின்றன. வந்தால் ஸ்டார் குறைக்கத் தாராளமாகக் காரணம் உண்டு. எங்கள் கணக்கில் இந்த கிட்டுக்கு ஐந்தில் மூன்று. எழுத்துகளுக்கும் பம்புக்கும் ஒன்றரை, பலூனுக்கு ஒன்று, குளூ டாட்டுக்கு அரை. பட்டைக்கும் திரைக்கும் ஒன்றுமில்லை.

விருந்தினர் போன பிறகு ஊசியால் குத்தி உடைக்காதீர்கள், களைத்துத் தூங்கும் குழந்தை அலறி எழும். முடிச்சுக்கு ஒட்டினாற்போல் கழுத்தை இழுத்துப் பிடித்துக் கத்தரியால் ஒரு வெட்டு. காற்று சத்தமில்லாமல் இறங்கும். ரப்பர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள், தெருவில் விட்டால் மாடு தின்னும். ஃபாயில் எழுத்துகளில் மறுபடி ஸ்ட்ராவை விட்டால் காற்று வெளியேறும்; தட்டையாக மடித்து, நடுவில் காகிதம் வைத்துப் பழைய டைரிக்குள் வைத்தால் அடுத்த வருடமும் 13 எழுத்து தயார். தனியாக வாங்கிய '1' என்ற எண் பலூன் மட்டும் உங்கள் வீட்டில் மறுபடி தேவைப்படப் பத்தாவது பிறந்தநாள் வர வேண்டும். அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.