நீட்சிகள் இல்லாத ஈமேக்ஸில் இரண்டு நாள்

சென்ற வாரம் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி போட்டு வாங்கி வந்தேன். உபுண்டு 24.04 இயங்குதளத்தை நிறுவி, நான் எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் ஈமேக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்பையும் அதன் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொண்டேன். ஆனால் ஏழு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நீட்சிகளை (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும், பிறர் எழுதிய நிரல்களை) இறக்குவதற்குள் சிம்மக்கல் வீட்டில் இணைய இணைப்பு அறுந்துபோனது. இரண்டு நாள், வெளி நீட்சி ஒன்றுகூட இல்லாமல் ஒரு நூலுக்கு மெய்ப்புத் திருத்தினேன். திருமங்கலத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி மகன், "பெரியப்பா, நான் எந்த எடிட்டரைப் பழகலாம்?" என்று கேட்டதும் அதே வாரத்தில்தான்.

எழுத்தைத் தொடும் வேலை எதுவும் நீட்சியாக இல்லாமல், எடிட்டரோடே வரும் மையநிரலில்தான் இருக்க வேண்டும் என்பது அந்த இரண்டு நாளில் எனக்கு உறுதிப்பட்டது. 'கி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியிலோ (யூனிகோட்) ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. முந்தைய பதிப்புகளில் 'பகிர்' என்ற சொல்லில் ககரத்துக்கு முன் கர்சரை வைத்து டெலீட் விசையை அழுத்தினால், ககரம் மட்டும் போய், அநாதையான இகரக் குறி பகரத்தோடு ஒட்டிக்கொண்டு 'பிர்' என்று நிற்கும்; மெய்ப்பில் இப்படிப் பிறந்த பிழைகளை எத்தனையோ முறை துரத்தியிருக்கிறேன். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் டெலீட் முழு எழுத்தையும் நீக்குகிறது. பேக்ஸ்பேஸ் மட்டும் முன்போலவே குறியை மட்டும் எடுக்கிறது. உயிர்க்குறியைத் தவறாக அடித்தவருக்கு அதுவே வேண்டும். எழுத்துருக்களைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் 2020-இல் 27-ஆம் பதிப்பில் வந்ததும் இந்த வகைதான். வரி எண்களும் அப்படியே: லிஸ்ப் மொழியில் எழுதிய பழைய வசதி நீண்ட கோப்புகளில் திணறும், 2018-இல் 26-ஆம் பதிப்பில் திரைக்கு வரையும் சி மொழி மையநிரலுக்குள்ளேயே அது சேர்ந்தபின் அந்தத் திணறல் இல்லை.

ஒரே நேரத்தில் பல இடங்களில் திருத்த உதவும் பல கர்சர் வசதி மட்டும் இன்றும் வெளியேதான் இருக்கிறது. ஒரே பெயர் நாற்பது இடங்களில் பிழையாக இருக்கும் மெய்ப்பில் அந்த நீட்சியைத்தான் நம்புகிறேன், ஆனால் அது கட்டளைகளை ஒவ்வொரு கர்சருக்கும் தனித்தனியே திரும்பச் செய்வதால், தனக்குத் தெரியாத கட்டளை வரும்போதெல்லாம் "எல்லாவற்றுக்கும் செய்யட்டுமா?" என்று வேலையை நிறுத்திக் கேட்கிறது. திருத்துவதன் அடிப்படையையே தொடும் ஒன்றை ஏன் இத்தனை ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. வண்ணங்களும் சின்னங்களும் நீட்சியாகவே இருக்கட்டும்; அவை அவரவர் விருப்பம்.

மூன்றாம் நாள் இணைப்பு வந்ததும் நீட்சிகளையெல்லாம் இறக்கினேன். அவற்றில் ஒன்று, ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் என் அமைப்புக் கோப்பு அழைத்த ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரைப் புதிய பதிப்பில் மாற்றியிருந்தது. அமைப்புக் கோப்பு பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், அதன் கீழே நான் எழுதியிருந்த தமிழ் எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் ஏறவேயில்லை. யாரோ ஒருவர் ஒரு பெயரை மாற்றியதற்காக, நான் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பக்கங்கள் ஒரு முழு மாலை தாமதமாயின.

நான் இந்த எடிட்டரை விடப் போவதில்லை; தமிழை இவ்வளவு மதிக்கும் கருவி என் கைக்கு வேறு கிடைக்கவில்லை. ஆனாலும் தம்பி மகனிடம், "இப்போதைக்கு இது வேண்டாம்ப்பா, படிப்பு முடியட்டும்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.