அறிகுறி இல்லாமல் பால்வினை நோய்ப் பரிசோதனை: நம்பிக்கை மையமும் தனியார் பேக்கேஜும்

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனைக்குக் காசு கிடையாது, டாக்டர் சீட்டும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். ஒப்புதலும் ரகசியமும் 2017 எச்ஐவி சட்டப்படி கட்டாயம். முதல் கிட்டில் பாசிட்டிவ் காட்டினால் அதை வைத்து முடிவு சொல்வதில்லை. வேறு வேறு வகைக் கிட்களில் மூன்று முறையும் ஒத்துவந்தால்தான் உறுதி. இந்தக் கறார்த்தனத்துக்காகவே இங்கே போகலாம்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனை வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள். பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பல ஊர்களில் அதன் பலகை ‘சுகவாழ்வு மையம்’. விடிஆர்எல் பாசிட்டிவ் என்றதும் பதற வேண்டாம். கர்ப்பம், மலேரியா, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலும் அப்படிக் காட்டலாம். டிபிஎச்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இடிப்பது கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பாக்டீரியா தொற்றுகளில்தான். அரசுத் திட்டத்தில் இவற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறியைக் கேட்டே மருந்து. சீழ் வருகிறது என்றால் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் கொண்ட சாம்பல் நிற மருந்துக் கிட் கிடைக்கும். ஒன்றுமே இல்லை என்பவருக்கு என்ன கொடுப்பது? கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. உள்ளே கருக்குழாய் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

அதற்குத் தனியார் லேப்தான். ஆனால் ‘எஸ்டிடி பேனல்’ என்ற பால்வினை நோய்ப் பேக்கேஜின் பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் கிளமிடியா ஐஜிஜி, ஹெர்ப்பிஸ் ஐஜிஎம் இரண்டும் தண்டச் செலவு. முன்னது பழைய தொற்றா புதியதா என்று சொல்லாது. பின்னது உதட்டில் வரும் சாதாரணக் கொப்புளத்துக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடும். கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனைதான் வேண்டும். பட்டியலில் அதன் பெயரான ‘பிசிஆர்’ அல்லது ‘நாட்’ என்ற சொல் இல்லையா, பேக்கேஜை விட்டுவிட்டு அதை மட்டும் தனியாகப் புக் செய்யுங்கள்.

மாதிரி கொடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சிறுநீர் கல்ச்சர் பழக்கத்தில் ‘முதலில் வருவதை விட்டுவிட்டுப் பிடியுங்கள்’ என்று டப்பா கொடுப்பவரே சொல்லக்கூடும். பிசிஆருக்கு நேர் எதிர். ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மில்லி மட்டும் பிடிக்க வேண்டும். டப்பாவை நிரப்பினால் நீர்த்துப்போகும். பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) மேல். வாய்வழி, ஆசனவாய் உறவு என்றால் அந்தந்த இடத்தில் ஸ்வாப் எடுக்க வேண்டும், சிறுநீரில் தெரியாது.

நாள் கணக்கும் முக்கியம். பிசிஆருக்கு உறவுக்குப் பின் 2 வாரம், லேபில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை எச்ஐவி டெஸ்டுக்கு 45 நாள், ரேபிட் கிட்டுக்கும் சிபிலிசுக்கும் 3 மாதம். 72 மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பிஇபி மாத்திரை பற்றிக் கேளுங்கள். சந்தேகத்துக்கு 1097, இலவச அழைப்பு.

புக் செய்யும்போது உங்கள் தனி எண்ணையே கொடுங்கள். குடும்பத்துக்கே ஒரு லேப் ஆப் கணக்கு என்றால் ரிப்போர்ட் முதலில் அப்பா போனில் போய் நிற்கும்.